ஹெப் மாஸ்டரின் மாப்பிள்ளைப் பரீட்சை

காரைக்காலின் மொத்த ஜனத்தொகையையும் இரண்டே பிரிவில் அடக்கியவர் ஹெப் மாஸ்டர். ஹெப் ஆனவர்கள் ஒரு பிரிவு. அதில் எப்போதும் இடம் காலியாக இருக்கும். மற்ற எல்லோரும் இன்னொன்று.

எங்கள் தெருவில் கல்யாண பேண்டு வைத்திருந்தார், டிரம்பெட் வாசிப்பார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தாவின் வீட்டில், இளவயதில் அமெரிக்க ஸ்விங் இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறார். அந்த இசைக்காரர்கள் தங்களுக்குள் புழங்கிய 'ஹெப்' என்ற சொல் அங்கேதான் அவரைப் பிடித்தது. பிறகு விடவில்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை ஹெப். தாசில்தார் ஹெப் இல்லை. மத்தி மீன் குழம்பு ஹெப். மறுநாள் அதே குழம்பு ரொம்ப ஹெப்.

எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். டிரில் வாத்தியாரிடம், "பட்டாளத்துல லெஃப்ட் ரைட் போடறப்ப ஹெப், ஹெப்புன்னு கத்துவான்ல சார், அதுலேர்ந்து வந்துச்சு" என்பார். மருந்துக்கடைக்காரரிடம் அதுவே ஒரு டாக்டரின் பெயராகிவிடும். அஞ்சலையிடம், "வலை இழுக்கறப்ப நீங்க போடற சத்தம்தான், கப்பலேறிப் போயிடுச்சு" என்றார்.

"ஏன் மாஸ்டர், எங்க சத்தத்த எங்களுக்கே விக்கிறீங்களா?" என்றாள் அவள், கூடையை இறக்காமலே.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், கல்யாண வயதில் அவருக்கு ஒரு மகள் இல்லாதிருந்தால். பெண் பார்க்க வந்தவனுக்குக் காபி கொடுத்த கையோடு டிரம்பெட்டை எடுத்துவிடுவார். கேட்கிறவன் காலோ கையோ தாளம் போட வேண்டும். அதுவும் சரியான இடத்தில். ஒரு பாங்குக்காரர் தப்பான இடத்தில் தட்டினார், போய்விட்டார். மண்டபத்தூர்க்காரர் ஒருவர் சரியாகத்தான் தட்டினார், ஆனால் செல்போனைப் பார்த்துக்கொண்டே. அவரும் போனார்.

அடுத்து வரவிருந்த திருமலைராயன்பட்டினத்து மின்சார இலாகா இன்ஜினியரை மகள் செல்விக்கு முன்பே தெரியும்; பிடித்தும் இருந்தது. என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்க இங்கிலீஷ் எம்.ஏ. தானே? ஹெப்புன்னா என்னன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. அவருகிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடறேன்."

என் எம்.ஏ.வுக்கு அதுவரை தெருவில் கிடைத்த ஒரே வேலை, மாத்திரை அட்டைகளைப் படித்துச் சொல்வது. பெருமையோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். 'நடப்பதை உணர்ந்தவன், விவரம் தெரிந்தவன்' என்று பொருள் போட்டிருந்தது. சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அங்கேயும் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். துப்பறிவாளன் ஒருவனின் பெயர் என்றார் ஒருவர். பட்டாள டிரில் என்றார் இன்னொருவர். எதற்கும் ஆதாரமில்லை என்றார் மூன்றாமவர். மாஸ்டர் அவ்வளவு மோசமில்லை என்று நினைத்தபோது கடைசிப் பத்தியில் இடி விழுந்தது. ஊரெல்லாம் ஹெப் என்று சொல்லத் தொடங்கியதும் அந்த இசைக்காரர்கள் அதைக் கைகழுவிவிட்டு 'ஹிப்' என்று மாற்றிக்கொண்டார்களாம். அதற்குப் பிறகும் ஹெப் என்று சொல்கிறவன், விவரம் தெரியாதவனாம்.

திரும்பி வந்து சொன்னதும் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"அப்பா காதுல இது விழவே கூடாதுண்ணே. அவருகிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

இன்ஜினியர் வந்தார். மாஸ்டர் வாசித்தார். துள்ளலான பாட்டு. என் கால்கூட ஆடியது, தப்பாக. இன்ஜினியரின் காலோ அவர் இலாகாவின் கம்பம் போல நின்றது. செல்வி கதவோரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போதே அவர் எழுந்துவிட்டார்.

"சார், நிறுத்துங்க."

"ஏன் தம்பி, பாட்டு புடிக்கலயா?"

"பாட்டு கெடக்கட்டும் சார். மூச்சு வாங்குது உங்களுக்கு. நடுவுல நடுவுல நெஞ்சத் தேச்சுக்கிறீங்க. மொதல்ல உக்காருங்க. எத்தன நாளா இப்படி?"

நாங்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். பெற்ற மகளிடமும் அதை மறைத்து வைத்திருந்தார். டிரம்பெட்டை மடியில் கிடத்திக்கொண்டார்.

"செல்வி, மாப்ளைக்கு இன்னொரு காபி போடும்மா."

அன்று அவர் வாயில் அந்தச் சொல் வரவே இல்லை. தேவைப்படவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு டாக்டரும் மாப்பிள்ளையும் சேர்ந்து, டிரம்பெட்டுக்குச் சாயங்காலத்தில் பத்தே நிமிடம் அனுமதித்தார்கள். தெரு முழுக்க சீரியலில் அழுதுகொண்டிருக்கும் நேரம் அது. மாஸ்டர் வாசிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வீடாக டிவியின் சத்தம் அடங்கும். நாங்கள் யாரும் இதை அவரிடம் சொன்னதில்லை.