ஆறிப்போன வெள்ளிக்கிழமை

“இதுல ஆவி பறக்குதா, சொல்லு?” என்று புகைப்படத்தைத் துரியாவின் மூக்குக்கு நேரே நீட்டினார் விடுதி முதலாளி அப்தெஸ்லாம்.

துரியா பார்த்தாள். கண்ணாடிக் கிண்ணம் நிறைய ரவைமணிச் சோறு, கூஸ்கூஸ். அதன்மேல் ஆரஞ்சுச் சுளை, மாம்பழத் துண்டு, மாதுளை முத்து, உலர்ந்த திராட்சை. கிண்ணத்தில் ஒரு சின்ன விலைச்சீட்டு செருகியிருந்தது. பக்கத்தில் ஒரு மசாலாக் குப்பி. அதில் ஆப்பிரிக்கா வரைபடம்.

“பறக்கலை.”

“அப்போ ஆறினது. ஆறின கூஸ்கூஸ், பழம் போட்டது, ஆப்பிரிக்க மசாலா தூவினது. அதுதான் அந்தம்மாவுக்கு வேணும்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆறின கூஸ்கூஸா?”

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் தாரூதாந்த் ஊரே வெள்ளிக்கிழமை மதியம் சூடான கூஸ்கூஸுக்காகத் தொழுகையிலிருந்து வேகமாக வீடு திரும்பும். பத்தொன்பது வருடமாக அந்த விடுதிச் சமையற்கட்டில் துரியா ஒரு வெள்ளிக்கிழமைகூட அதை ஆறவிட்டதில்லை.

‘அந்தம்மா’ என்பது மர்யோலைன். முந்தின நாள் மாலை ஹாலந்திலிருந்து வந்து இறங்கியவர். அவருக்கு அரபும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. வந்ததும் வராததுமாக முற்றத்தில் துரியாவைப் பார்த்தார். பையிலிருந்து இந்தப் படத்தை எடுத்து நீட்டினார். நெஞ்சில் கைவைத்து, தலையைக் குனிந்து, தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். கண்கூடக் கலங்கியது.

நெஞ்சில் கைவைத்தால் மனதாரக் கேட்கிறார் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதலாளி படத்தை வாங்கிக்கொண்டு, தானும் நெஞ்சில் கைவைத்து, கட்டாயம் உண்டு என்று தலையாட்டினார். பெட்டி தூக்கி நின்ற வாசல் காவலாளி புவாஸ்ஸா, “முதலாளி, அவங்க வந்து...” என்று ஆரம்பித்தான்.

“நீ பேசாதே. பெட்டியை மாடிக்குக் கொண்டு போ.”

இப்போது முதலாளி படத்தைத் துரியாவின் கையில் திணித்தார். “பத்து நாள் தங்கப் போறாங்க. அந்தம்மா முகம் கோணிச்சுன்னு வை, திங்கட்கிழமை அகாதிர் பட்டணத்துல இருந்து டிப்ளமா வாங்கின சமையல்காரர் வந்துடுவார். அப்புறம் நீ வெங்காயம் உரிக்கலாம்.”

துரியா கூடையை எடுத்துக்கொண்டு மசாலாக் கடை ஹம்முவிடம் ஓடினாள்.

“ஆப்பிரிக்க மசாலா இருக்கா?”

ஹம்மு கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “நாம எங்க இருக்கோம்?”

“தெரியும். விளையாடாதீங்க. ஆப்பிரிக்க மசாலா வேணும்.”

“மிளகு இந்தியா. பட்டை சிலோன். இஞ்சி சீனா. சீரகம் மட்டும் நம்ம ஊரு. ஆப்பிரிக்கா மட்டும் போதும்னா வெறும் சீரகத்தை வாங்கிட்டுப் போ.”

“என் வேலை போயிடும், ஹம்மு!”

அவர் இரங்கி, தன் கடையின் முதல்தரமான இருபத்தேழு சரக்குகளை இடித்துச் சேர்த்த பொடியைக் கட்டிக் கொடுத்தார். “இதுல பாதி உலகம் இருக்கு. நடுவுல எங்கயாவது ஆப்பிரிக்காவும் இருக்கும்.”

துரியா அடுப்பேற்றினாள். கூஸ்கூஸ் என்பது ரவையை உருட்டிய சின்னச் சின்ன மணி. அதன்மேல் தண்ணீரைக் கொட்டினால் வெளிப்பக்கம் குழைந்து ஒட்டிக்கொள்ளும், உட்பக்கம் பட்டினி கிடக்கும். ஆவியில் வைத்தால் மணி எல்லாப் பக்கமும் மெல்ல மெல்லக் குடிக்கும். அதனால்தான் மூன்று முறை ஆவி. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அகலமான மண்தட்டில் கொட்டி, எண்ணெய்க் கையால் உதிர்த்துவிடுவது. அன்றும் அப்படியே செய்தாள். மல்லிகை மொட்டுப் போல உதிரியாக வந்தது.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம்.

பழத்தை வெட்டிப் போட்டாள். மணி இன்னும் சூடாக இருந்தது. வெந்து வாடிய ஆரஞ்சு தன் சாறு முழுவதையும் விட்டது. கூஸ்கூஸ் நனைந்து சொதசொதத்தது. சாற்றை இழுக்கட்டும் என்று வேகாத கூஸ்கூஸ் இரண்டு கைப்பிடி போட்டாள். இழுத்தது, இழுத்ததோடு நிற்காமல் ஊதவும் ஊதியது. கிண்ணம் போதாமல் அண்டாவுக்கு மாற்றினாள்.

இவ்வளவு கூஸ்கூஸுக்கு இவ்வளவு பழம் காணாது என்று மேலும் வெட்டிப் போட்டாள். சப்பென்று இருந்ததால் சர்க்கரை தூவினாள். சர்க்கரைக்கு ஒரு குணம் உண்டு: வெட்டின பழத்தைத் தொட்டால் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மறுபடி வெள்ளம். மறுபடி கூஸ்கூஸ்.

மசாலாவைக் கொட்டிக் கிளறியதும் எல்லாம் தெருப்புழுதி நிறத்துக்கு வந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். “படத்துல இப்படியா இருக்கு?”

“படத்துல வாசனை வராது முதலாளி. நீங்க கொஞ்சம் மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தவர் மூன்று முறை தும்மினார். “ஆறவாவது ஆறிச்சா?”

ஆறவில்லை. குளிர்பெட்டியில் வைத்தாள். அரை மணியில் அது அண்டா வடிவத்திலேயே செங்கல்லாக இறுகியது. கத்தியால் வெட்டி, கையால் பிசைந்து, மாதுளை முத்தைத் தூவி மூடினாள். மண்தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த நல்ல கூஸ்கூஸ் ஒரு வாய் தேறும். அதை எடுத்து வாயில் போட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

வழக்கம்போல் வெள்ளிக்கிழமையின் முதல் தட்டு வாசல் காவலாளிக்குப் போனது. அடுத்த தட்டு, அந்தப் படத்தோடு சேர்த்து, மர்யோலைனுக்கு.

துரியா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். தட்டைக் கண்டதும் மர்யோலைன் முகம் வெளுத்தது. படத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டி. நடுவில் நிறுத்தவே இல்லை. கடைசிப் பருக்கையையும் வழித்து முடித்ததும் எழுந்து வந்து, துரியாவின் முன் நெஞ்சில் கைவைத்து, தலை குனிந்து நின்றார். பிறகு தள்ளாடி வாசல் பக்கம் போனார்.

முதலாளி குதித்துக்கொண்டு உள்ளே வந்தார். “ஆனந்தக் கண்ணீர்! கண்ணால பாத்தேன்! டிப்ளமாக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, பத்து நாளும் ரெண்டு வேளையும் இதேதான் போடணும். எனக்கு மட்டும் ஒரு முட்டை போட்டுக் குடு.”

துரியா அண்டாவைப் பார்த்தாள். இருபது வேளை. வேலை தப்பிவிட்டது. ஆனால் இதற்கா தப்ப வேண்டும் என்று இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்கதவு திறந்தது. புவாஸ்ஸா, கையில் தொடாத தட்டோடு நின்றான்.

“துரியா அக்கா, நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“வேணாம்னா வச்சுட்டுப் போ தம்பி. நான் என்ன ஆசைப்பட்டா செஞ்சேன்? அந்தம்மா படத்தைக் காட்டிக் கேட்டாங்க, செஞ்சேன்.”

“கேட்டாங்களா? எப்போ?”

“நேத்துதான். நீயும் பெட்டியோட நின்னியே.”

“நின்னேன். ஹாலந்துல எட்டு வருஷம் தக்காளி பறிச்சவன், எனக்கு அந்தப் பேச்சு புரியும். சொல்ல வந்தேன், முதலாளி மாடிக்கு விரட்டிட்டார்.” புவாஸ்ஸா தட்டைக் கீழே வைத்தான். “‘இருபது வருஷமா ஹாலந்துல என் கடையில இதைத்தான் கூஸ்கூஸ்னு சொல்லி வித்தேன், மன்னிச்சு நிஜமானதைக் கத்துக்குடுங்க’ன்னுதான்க்கா அந்தம்மா சொன்னாங்க; இப்போ வாசல்ல நின்னு என்கிட்ட கேக்கிறாங்க, தண்டனை இன்னையோட முடிஞ்சுதா, நாளைக்கும் உண்டான்னு.”