சீரியஸ் பார்க்க வந்தவர்கள்

"மெசேஜ் போயிடுச்சா?"

மொட்டைமாடியில், தொலைநோக்கியில் ஒரு கண்ணை ஒட்டவைத்தபடியே கேட்டார் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்று வருஷங்களாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சீரியஸ் நட்சத்திரம் தெரிகிற கண்ணுக்குக் கைப்பேசி எழுத்து தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் தட்டுவாள்.

"போயிடுச்சு. ரெண்டு பேருக்கும்."

ரெண்டு பேர் என்றால் இரண்டு மகன்கள். நாயும் பூனையும். பெரியவன் வந்தால் சின்னவன் வரமாட்டான். சின்னவன் செருப்பை வாசலில் பார்த்தால் பெரியவன் அப்படியே திரும்பிவிடுவான். பழைய காரை யார் இடித்தது என்று ஆரம்பித்த சண்டை. கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. சண்டை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வாரம் விட்டால் சில மாதங்களுக்கு நட்சத்திரம் கண்ணில் படாது. அதற்குள் இருவரும் சேர்ந்து ஒரு தடவை வந்து பார்த்துவிட மாட்டார்களா என்று அவருக்கு ஆசை.

கைப்பேசி அலறியது.

"எடேன்."

"எடுத்தா அரை மணி நேரம் பேசுவான். உங்க நட்சத்திரம் அதுக்குள்ள போயிடும். நீங்க குழாயை விட்டு அசையாதீங்க, நான் எழுதியே சொல்றேன். இதோ, என்னாச்சுன்னு மெசேஜ்ல கேக்கறான் பெரியவன்."

"என்ன ஆகணும்? பயப்பட ஒண்ணுமில்ல, நாய்தான்னு போடு. பெரிய நாய். பக்கத்துலயே சின்ன நாயும் இருக்குன்னு போடு."

வானத்தில் வேட்டைக்காரன் என்ற விண்மீன் கூட்டத்தின் பின்னால் வரும் இரண்டு நாய்க் கூட்டங்களும், சீரியஸ் இருக்கிற பெரிய நாயும் பக்கத்துச் சின்ன நாயும், அவருக்கு வீட்டில் வளர்த்த மாதிரி. அவள் இரண்டு மகன்களுக்கும் தட்டினாள்.

"சின்னவன் எங்கேன்னு கேக்கறான்."

"சின்ன நாயைத்தானே கேக்கறான்? வேட்டைக்காரன் பின்னாலன்னு சொல்லு."

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டது.

"பாவம், யாரு வீட்டுலயோ" என்றார்.

படியேறி ஓடிவந்தவன் பெரியவன். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். அவர்களுக்கும் பின்னால், கையில் கிரிக்கெட் மட்டையோடு சின்னவன்.

"எங்க அந்த நாய்ங்க?"

"நாயை அப்புறம் அடிக்கலாம்டா, முதல்ல அப்பாவைப் பிடி!"

பெரியவன் தோளைப் பிடிக்க, சின்னவன் குனிந்து அவருடைய பேண்டைச் சுருட்டினான்.

"எந்தக் கால்ப்பா?"

"என்னடா எந்தக் கால்?"

"கடிச்ச கால்!"

"யாரு கடிச்சா?"

"சீரியஸ், உடனே வாங்கன்னு அனுப்பினீங்களே!"

"ஆமா. அதோ இருக்கு."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலில் குழாயில் கண்ணை வைத்தவர் ஆம்புலன்ஸ்காரர்தான். "அடேயப்பா, என்னமா மின்னுது!"

பெரியவன் ஸ்ட்ரெச்சரிலேயே உட்கார்ந்துவிட்டான். மட்டை கீழே விழுந்தது.

"அண்ணே, வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன்."

"நான் மட்டும் என்ன, பாடிக்கிட்டா வந்தேன்?"

சிரிப்பு யாருக்கு முதலில் வந்ததென்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் குழாய்க்கு முன்னால் தள்ளுமுள்ளு.

"தள்ளுடா, பெரிய நாயை நீ பார்த்தது போதும்."

"நீ சின்ன நாயைப் பாரேன்!"

மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. மனைவி பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். "எப்படியோ வந்துட்டானுங்க. ஆனாலும் நான் நட்சத்திரம்னு தெளிவாத்தானே சொன்னேன்? இவனுங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியலை."

"நல்லாத்தாங்க படிச்சாங்க" என்றாள் அவள், கைப்பேசியை அணைத்தபடி. "நட்சத்திரத்தையும் வேட்டைக்காரனையும் நான்தான் போடலை."