பதிமூன்று டிகிரி இடது கால்

வலது காலை எடுத்து வைத்தவர் அடுத்ததாக இடது காலை எடுத்து வைப்பது உலக வழக்கம். இந்த விஷயத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் நலச்சங்கம் போன வருடம் வரை தலையிட்டதில்லை. ஆவடிப் பக்கம்தான், எந்த பேக்டரி குவார்ட்டர்ஸ் என்று கேட்காதீர்கள். மகன் தயவில் நான் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

வினை லைன் டான்ஸ் உருவத்தில் வந்தது. எவாஞ்சலின் டீச்சர் பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்து, பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துச் சமுதாயக் கூடத்தில் வகுப்பு தொடங்கினாள். ஜோடி வேண்டாம், வரிசையாக நின்று எல்லாரும் ஒரே மாதிரி கால் வைத்தால் போதும். ரேஷன் கடையிலும் ரயில்வே கவுண்டரிலும் பயிற்சி பெற்ற ஜனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாட்டியம் உண்டா? ஒரே மாதத்தில், காய்கறி வாங்கப் போகிறவர்கள்கூட ‘கிரேப்வைன்’ போட்டுப் பக்கவாட்டில்தான் போனார்கள்.

ஆண்டு விழாவில் ஆட அனுமதி வேண்டுமே? சங்கத்தின் கலாசாரச் செயலாளர் தட்சிணாமூர்த்தி வந்தார். பேக்டரியில் முப்பது வருடமாக உதிரிபாகங்களை அளந்து ‘பாஸ்’, ‘ரிஜெக்ட்’ சொல்லுகிற உத்தியோகம்.

“கிரேப்வைன்னா என்னம்மா?”

“வலது கால் பக்கத்துல, இடது கால் அதுக்குப் பின்னால, மறுபடி வலது கால் பக்கத்துல, கடைசியா இடது காலால சும்மா ஒரு டச், சார்.”

“பக்கத்துலன்னா எத்தனை மில்லிமீட்டர்?”

“அவங்கவங்க சௌகரியம்தான் சார்.”

“சௌகரியம்னு ஒரு அளவு கிடையாதும்மா.”

மூன்றே நாளில் வரைபடம் வந்தது. கிரேப்வைன், ‘பின்புறக் குறுக்கீட்டுடன் கூடிய பக்கவாட்டு நகர்வு’ ஆயிற்று. நீளம் முந்நூறு மில்லிமீட்டர். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். டச் என்பது ‘எடை ஏற்றப்படாத தற்காலிகத் தொடுகை’. முன்கால் போக, பின்கால் தொடர, முன்கால் மறுபடி போகும் ஷஃபிள், ‘முத்தரப்பு நடவடிக்கை’. இந்தப் பெயர்களையெல்லாம் ஆட்டத்துக்கு நடுவே டீச்சர் உரக்கச் சொல்லவேண்டுமாம். நாலு பெயர் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு முடிந்து விளம்பரம் வந்துவிடும்.

பிறகு ஆய்வு. இருபத்துநான்கு கால்களில் இருபத்துமூன்று பாஸ். ஞானகுமாரியின் இடது கால் மட்டும் ரிஜெக்ட். நுனி பதிமூன்று டிகிரி வெளியே திரும்பியிருந்தது, பிறவியிலேயே அப்படி. தட்சிணாமூர்த்தி பேக்டரி வழக்கப்படி குதிகாலில் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார்.

“இன்னாக்கா, காலுக்குப் போய் கலர் அட்ச்சிகினு வந்துகீற?” என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம்.

ஞானகுமாரிக்கு அழுகை பொங்கியது. இருபத்தாறு ஆண்டு விழாவுக்குப் பாயசம் கிளறியவள். மேடை ஏறியதே இல்லை. கணவர் சத்தியராஜ் மாதக் கடைசியில் ரிடையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூர் போகவேண்டும். இதுதான் கடைசி விழா.

சத்தியராஜ் லேத் மெஷின் பிடித்துக் கை காய்ப்பேறியவர். “அழாத குமாரி. கோணப் பாகமா இருந்தாலும் வேலைக்கு ஆகும்னா, சலுகை மனு போட்டு எடுத்துக்குவோம். உன் காலுக்கும் போடுறேன்” என்றார்.

படிவம் சரியாக இருந்ததால் தட்சிணாமூர்த்தியால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு தொகுதியில் எல்லாப் பாகமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது விதி. அவள் காலை நிமிர்த்த முடியாது. ஆகவே வரைபடத்தை வளைத்தார். சாயங்காலத்துக்குள் மற்றப் பதினோரு பெண்களின் இடது குதிகாலும் சிவப்பு.

“சார், அது தப்பு ஸ்டெப் சார்!” என்று கதறினாள் எவாஞ்சலின்.

“பழைய வரைபடத்துல தப்பு. புதுசுல அதான் தேவை.”

ஆண்டு விழாவில் ஞானகுமாரி முன்வரிசை நடுவில் நின்றாள். மாதிரி உரு அல்லவா! மற்றவர்கள் வாத்து போலத் தத்தித் தடுமாற, அவள் மட்டும் பிறந்தபடியே ஆடினாள். அவ்வளவு அழகு. டெல்லியிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். இது என்ன பாணி என்று விசாரித்தார்.

“உள்ளூர்ப் பாரம்பரியம் சார்” என்றார் தட்சிணாமூர்த்தி, கூசாமல்.

மறுநாளே சுற்றறிக்கை: ஊழியர்களும் குடும்பத்தாரும் இவ்வாறே கால் வைத்து நடக்கவும்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்றிய லாரியை வாட்ச்மேன் கேட்டில் மறித்தார்.

“கட்டில், பீரோ, சாரு எல்லாம் போலாம். அம்மாவோட எடது காலு போக்கூடாது. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்திக்கீறாங்கோ. அத்த வெச்சுத்தான் எல்லார் காலையும் அளக்குறாங்கோ.”

“மீதி நான் போகலாமா?” என்றாள் ஞானகுமாரி.

“தாராளமா.”

தட்சிணாமூர்த்தி ஓடி வந்து விதியைப் புரட்டினார். அதே அளவில் மாற்றுக்கால் ஒன்றை ஒப்படைத்தால் விடுவிக்கலாம் என்று இருந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பத்து நிமிடத்தில் நானூறு பேர் வரிசையில் நின்றோம். முதல் ஆள் எவாஞ்சலின் டீச்சர். பழகிப் பழகி எல்லார் காலும் கச்சிதமாகப் பதிமூன்று டிகிரி! நானூறும் பாஸ், நானூறும் ரிஜிஸ்டரில் ஏறின. ஞானகுமாரி லாரியில் ஏறி, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வெள்ளானூர் போய்ச் சேர்ந்தாள்.

நாங்கள் நானூறு பேரும் கேட்டைத் தாண்டுவதில்லை. போன வாரம் பூந்தமல்லியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். “வர இயலாது, என் கால் அரசாங்கச் சொத்து” என்று சொல்லியனுப்பினேன். வருத்தப்படுவார்கள் என்று நினைத்தேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறான்.

“மாமா, எனக்கும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லுங்களேன்!”