அறுக்காமல் நிற்கும் சோளம்

அன்புள்ள டெல்மா அக்காவுக்கு,

வெர்லின் எழுதுவது. நீயும் அத்தானும் அரிசோனா வெயிலில் சுகமாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இதை முதலிலேயே எழுதக் காரணம், ஐயோவாவில் இந்தச் செய்தியை நம்ப இப்போது ஆள் இல்லை.

அப்பாவின் மக்காச்சோளக் கதிர் பறிக்கும் இயந்திரம் உனக்கு நினைவிருக்கும். அவருடைய இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டதே, அதுதான். நம் குடும்பத்தில் அவர் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்தது அது ஒன்றுதான். வசந்தத்தில் என்னவள் ஆர்டித் போய்ச் சேர்ந்த பிறகு மாலையில் வீட்டுக்குள் போக எனக்கு அவசரமில்லை. கொட்டகையில் கிடந்த அந்த இயந்திரத்தை வெளியே இழுத்துப் போட்டேன். துருவைச் சுரண்டினேன், சங்கிலிகளை டீசலில் ஊறவைத்தேன், மட்டை உரிக்கும் உருளைகளுக்குப் புது ரப்பர் போட்டேன், உள்ளே குடியிருந்த எலிக் குடும்பத்துக்கு உரிய அவகாசம் கொடுத்துக் காலி செய்யவைத்தேன். மற்ற வயல்களை அக்டோபரிலேயே கம்பைன் அறுவடை வண்டி விட்டு அறுத்தாயிற்று. சாலையோர வயலை மட்டும் இந்த இயந்திரத்துக்கென்று விட்டுவைத்தேன். ஒரு சங்கிலி கிடைக்கத் தாமதமாகி, நன்றி கூறும் நாள் விருந்து நெருங்கியும் சோளம் நின்றது.

தப்பு அதுதான். நவம்பர் கடைசியில் ஒருவன் வயலில் சோளம் நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ஆள் நோயில் படுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தேவாலயத்துக்குப் போகாமல் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தது ஊரின் சந்தேகத்தை உறுதி செய்தது. பாதிரியார் எனக்காகப் பிரார்த்தனை நடத்தினாராம். நான் அங்கே இருந்திருந்தால் நானும் சேர்ந்து வேண்டியிருப்பேன்.

சனிக்கிழமை காலை முதல் சுற்று ஓட்டினேன். உருளையில் மட்டை சிக்கியது. அப்பாவின் விரல்களை நினைத்துக்கொண்டு எஞ்சினை அணைத்துவிட்டு, அடியில் படுத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சாலையிலிருந்து பார்த்தால் என் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை டுவேன் ஹார்ம்ஸ் கம்பைனோடு வந்து நிற்கிறான், பின்னால் ஊரே கம்பைனும் லாரியுமாக, எனக்கு அறுத்துக்கொடுக்க. பூட்ஸைப் பார்த்து டுவேன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"தொப்பியப் போடுடா, குளிருது," என்றேன் அடியிலிருந்து.

"ஏ லவான்! உயிரோடதான் இருக்கான்!" என்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. இத ஓட்டிப் பாக்கத்தான் சோளத்த விட்டுவச்சேன்."

"ஆமாமா. எங்கப்பாவும் சாகுற வாரம் வரைக்கும் இப்படித்தான் சொன்னாரு. போய் உக்காரு."

"டேய், நெசமாத்தான்..."

"வாய மூடிட்டு உள்ள வாங்க," என்றாள் லவான், மூடிய பாத்திரத்தோடு. "கறியும் உருளக்கிழங்கும். சூடா இருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர்கிட்ட போகவே இல்ல."

"அடப்பாவமே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மாதக்கணக்கில் காத்திருந்த வயலை மதியச் சாப்பாட்டுக்குள் மொட்டையடித்துவிட்டார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தி அதைப் பார்க்கவும் வைத்தார்கள். "சாலையோரமா நாலு வரிச விட்டிருக்கோம், உன் பொம்மைக்கு," என்றான் டுவேன், பெரிய மனதோடு. பிறகு எல்லோரும் அடுக்களைக்குள் நுழைந்து, அந்த இயந்திரம் ஓடுமா ஓடாதா என்று மேசையைக் குத்திச் சண்டை போட்டார்கள். ஆர்டித்தின் அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் நாற்காலி போதவில்லை. உப்பு எங்கே என்று கேட்டேன், யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பால் கறக்கும் நேரம் வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். குளிர்பதனப் பெட்டி ஓடும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் எழுதுவது எதற்கென்றால், யாராவது போனில் அழுதால் நம்பாதே, கிளம்பி வராதே. எனக்கு யார் துணையும் வேண்டியதில்லை. நாளைக்கே அந்த நாலு வரிசையையும் பறித்து வதந்திக்கு முற்றுப்புள்ளி வைக்கிறேன். அத்தானுக்கு என் அன்பு. உங்கள் இருவர் முழங்கால்களையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் தம்பி,
வெர்லின்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு நடை ஓட்டி இரண்டு வரிசை பறித்துப் பார்த்தேன். கதிர்கள் அம்மணமாக வந்து வண்டியில் டமடமவென்று விழுந்தன. இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் துடைத்துக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன். மீதி இரண்டு வரிசை நிற்கட்டும். டுவேன் தினமும் அந்த வழியாகத்தான் போகிறான்.