இராசநாயகத்தின் கப்பி

கைகொடுக்க ஆள் இருந்தும் கேட்காத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. வழி தெரியாமல் ஊரைச் சுற்றுவார்கள். நிறுத்தி ஒருவரிடம் விசாரிக்க மாட்டார்கள். கட்டிலைத் தனியாக மாடிக்கு ஏற்றிவிட்டு ஒரு வாரம் இடுப்பைப் பிடித்தபடி நடப்பார்கள். ஏனென்று கேட்டால், குளிர் என்பார்கள். இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க விரும்பினால் பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் இராசநாயகத்தின் கராஜுக்குப் போக வேண்டும்.

அவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் தொழிற்பாதுகாப்பு அதிகாரி வேலை. பாரமானதை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு வகுப்பெடுப்பவர் அவர்தான். வகுப்பு மற்றவர்களுக்குத்தானே?

வீட்டில் அவர் பியர் காய்ச்சுவார். உடைத்த பார்லியைப் பெரிய துணிப்பையில் கட்டி, அடுப்பிலுள்ள கிடாரத்துச் சுடுநீரில் ஊறவிட்டு, பிறகு பையைத் தூக்கி, சாறெல்லாம் வடியும்வரை பிடித்திருக்க வேண்டும். ஊறிய பை ஓர் ஆளின் தோளைக் கழற்றிவிடும். இதுவரை மறுபக்கம் பிடித்தவர் நண்பர் யசீகரன். பிடித்தவர் பேசாமல் இருந்தாரா? பிறந்தநாள் விருந்தொன்றில், அது "நாங்கள் காய்ச்சின பியர்" என்று சொல்லிவிட்டார். நாங்களாம்! அடுத்த வாரமே இராசநாயகம் ஒரு கப்பி வாங்கி கராஜின் குறுக்கு மரத்தில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை கயிற்றை இழுத்தார். பை கம்பீரமாக மேலே எழுந்தது. மகிழ்ச்சி. அப்போதுதான் தெரிந்தது, கயிற்றைக் கட்டிவைக்க ஒரு கொளுக்கி கூட அடிக்கவில்லை என்று. மெல்ல இறக்கியிருக்கலாம். ஆனால் இறக்கினால் யசீகரன் வென்றதாகிவிடாதா? ஆகவே பிடித்தபடி நின்றார்.

மனைவி தமயந்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏனப்பா இப்பிடி நிக்கிறியள்?"

"சும்மாதான்."

அவள் போக இருந்தாள். தனியாகப் பிடித்துக் களைத்துப்போன இராசநாயகம், கப்பி எப்படி வேலை செய்கிறது என்பதை அவளும் பழகிவைப்பது நல்லது என்று விளக்கினார். தனக்கு அந்தப் பழக்கம் தேவையில்லை என்றாள் அவள். அந்த நேரம் பார்த்துக் கயிறு வழுக்கியது. பை ஒரு முழம் இறங்கிக் கிடாரத்தில் அடிக்க, கொதிசாறு அவர் செருப்புக்குப் பக்கத்தில் தெறித்தது. இராசநாயகத்துக்கு உண்மையாகவே பயம் வந்தது.

"தமயந்தி, கொஞ்சம் பிடியுமன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த வாயிலிருந்து கேட்டிராத வசனம். வந்து கயிற்றைப் பிடித்தாள். இருவரும் ஒட்டி நின்றார்கள். சாறு சொட்டியது. சற்று நேரத்தில் அவள் முகம் சுருங்குவதைக் கண்டு என்னவென்று கேட்டார். தோள்மூட்டு நோவு, குளிர்காலம் தொடங்கியதிலிருந்து இருக்கிறதாம். சட்டி தூக்கவும் ஏலாதாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டுதான்."

இராசநாயகம் அவளை விலகச் சொல்லிவிட்டு, பையைத் தானே மெல்ல மெல்லக் கிடாரத்துக்குள் இறக்கினார். பிறகு யசீகரனுக்குத் தொலைபேசி எடுத்தார். தூக்க வரச் சொன்னார் என்றா நினைக்கிறீர்கள்? புதுக் கப்பியைப் பார்க்க வரச் சொன்னார். யசீகரன் வந்தார், கப்பியை அண்ணாந்து பார்த்து மரியாதையாகப் பாராட்டினார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு பையின் மறுபக்கத்தைப் பிடித்தார். திங்கட்கிழமை இராசநாயகம் வேலைக்கு லீவு போட்டுத் தமயந்தியை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நேற்று சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வந்ததும், வீட்டுக்குள் மூன்று பேர் சும்மா இருக்க, காரிலிருந்த எல்லாப் பைகளையும் ஒரே நடையில் விரல்களில் மாட்டிக்கொண்டு, கதவை முழங்கையால் திறக்கப் பார்த்தது யார்?