ஒரு சைபர் அதிகம்

"எண்ணூத்தி அம்பது கட்டச் சொன்னா எட்டாயிரத்து ஐந்நூறு கட்டிட்டு வந்துகீறியே! ஒரு சைபரு கூடப் போனதுகூடவா கண்ணுக்குத் தெரில?"

சாலமோன் கத்தியது தெருமுனை வரை கேட்டது. மனைவி மார்கரெட் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அது மகன் ஜெபக்குமாரின் கிரெடிட் கார்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பாக்கி. கடப்பாக்கம் ரோட்டில் பைக்கோடு விழுந்து அவன் போய் எட்டு மாதம். வங்கிக்கு அது தெரியாது. மாதாமாதம் அவன் பெயருக்குத் தபால் அனுப்பிக்கொண்டிருந்தது. மார்கரெட் அவற்றை பைபிளுக்குள் வைத்திருந்தாள். செத்த பிள்ளை கடன்காரன் என்று பேர் வாங்கக் கூடாதென்று, அணுபுரத்தில் தோட்ட வேலை செய்த கூலியில் சாலமோன் கொஞ்சங்கொஞ்சமாக அடைத்து வந்தார்.

கூடப் போன பணம், பிள்ளையின் கல்லறைக்குப் பேர் பொறித்த கல் வைக்கச் சேர்த்தது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான். ஊரே மெழுகுவத்தி ஏற்றும்போது அவன் மட்டும் பேரில்லாத மண்மேடாகக் கிடப்பானே!

வங்கிக்குப் போன் போட்டார்.

"கார்டு வெச்சிருக்கறவர்தான் பேசணும் சார்," என்றது ஒரு பெண் குரல்.

சாலமோன் யோசித்தார். "நான்தான் ஜெபக்குமார்."

"பிறந்த தேதி?"

மகன் பிறந்த தேதியைச் சொன்னார்.

"இருபத்தாறு வயசா? குரல் வேற மாதிரி இருக்கே?"

"ஜலுப்பும்மா."

"உடம்பப் பாத்துக்கோங்க சார். ஒழுங்கா கட்டுறீங்கன்னு உங்க லிமிட்டையும் ஏத்திட்டோம். பணம் திரும்ப வேணும்னா ப்ராஞ்சுக்கு நேர்ல போங்க."

மறுநாள் இறப்புச் சான்றிதழோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

அதிகாரி லக்ஷ்மிநாராயணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பிப்ரவரியில இறந்தவர் நேத்து போன்ல பேசியிருக்காரே?"

"அது... நான்தான் சார்."

"ஆள்மாறாட்டமா! மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க."

எழுதினார். பயத்தில் கையெழுத்தையும் ஜெபக்குமார் என்றே போட்டுத் தொலைத்தார். இன்னொரு கடிதம் எழுதினார். வாரிசுச் சான்றிதழ் வேண்டுமென்றார்கள்; தாலுகா ஆபீசுக்கு ஐந்து நடை. "எம்புள்ள செத்துட்டான் சார்" என்று எட்டு மாதத்தில் சொல்லாததை அந்த மூன்று வாரத்தில் எத்தனை மேஜை முன்னால் சொன்னாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும். கடைசியில் அழுகைகூட வரவில்லை.

ஒருவழியாகப் பணம் வந்தது. லக்ஷ்மிநாராயணன் கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டினார்.

"கணக்க மூடியாச்சு. இனிமே ஒரு தொல்லையும் இல்ல. தபால்கூட வராது."

"நல்லா இருப்பீங்க சார்."

கல்லுக்காரருக்கு முன்பணம் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதிரே கவியாவின் நெட் சென்டர். மார்கரெட் பணம் கட்டியது அங்கேதான்.

"ஏம்மா கவியா, அவதான் கண்ணு தெரியாம சைபர கூடப் போட்டுட்டா. நீயாவது பாத்து சொல்லக் கூடாதா? நாயா அலைஞ்சு, இன்னிக்குத்தான் பணத்த வாங்கி கணக்க மூடிட்டு வரேன்."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள் கவியா.

"மூடிட்டீங்களா மாமா? அத்தை தப்பா கட்டல. 'கணக்குல கொஞ்சம் பணம் கெடந்தா, ஜெபக்குமார் பேருக்கு மாசாமாசம் லெட்டர் வந்துகினே இருக்குமா'ன்னு கேட்டுட்டுதான் கட்டினாங்க."