மார்ச் மாதத்தில் மட்டும் பூக்கும் ஊழியர்

அருண்பாண்டியின் கைகள் பீமாராவ் ஐயாவின் நகங்களை வெட்டிக்கொண்டிருக்கின்றன. நேற்றும் வெட்டின. முந்தாநாளும் வெட்டின. இன்று வெட்டுவதற்கு அங்கே நகமே இல்லை. நகவெட்டி மட்டும் டிக் டிக் என்கிறது.

அருண்பாண்டிதான், வாசகர்களே, மார்ச் மாத ஊழியர். பதினோரு மாதம் சுவரோடு சுவராக இருந்துவிட்டு, வேலை மதிப்பீட்டுப் படிவம் வந்த அன்று பூத்துக் குலுங்குகிற இனம். வங்கியில் உண்டு, பள்ளிக்கூடத்தில் உண்டு, ஒத்தக்கடை ஊரில் இருக்கிற இந்த முதியோர் இல்லத்திலும் உண்டு. படிவம் என்ன கேட்கிறது? முகமலர்ச்சி, முன்முயற்சி, குழு மனப்பான்மை. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் சுந்தரவல்லியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் போதும், மூன்றும் சேர்ந்து அருண்பாண்டியின் மேல் இறங்கிவிடும். சிரிப்பான், ஓடுவான், மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிப்பான், பக்கவாதத்தில் படுத்திருக்கும் பீமாராவை இடப்பக்கம் திருப்புவான், சத்தம் திரும்பி வந்தால் வலப்பக்கம் திருப்புவான்.

"ஏப்பா, நான் என்ன தோசையா? இம்புட்டுத் தரம் பெரட்டுற!"

"படுக்கைப்புண்ணு வரக்கூடாதுல்லய்யா."

"புண்ணுக்கு முன்னாடி தலைசுத்தல் வந்துரும்!"

சும்மா இல்லை இந்த ஆட்டம். மேற்பார்வையாளர் வேலை காலியாக இருக்கிறது. கிடைத்தால் இரவுப் பணி கிடையாது. மகள் ஆர்த்திகாவோடு தினமும் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடலாம்.

"சிரி பாண்டிமீனா, மேடம் வாராங்க!" என்றான் கூட வேலை பார்ப்பவளிடம்.

"பெட்பேன் கையில இருக்குண்ணே. எங்கிட்டுச் சிரிக்க?" என்று போய்விட்டாள்.

மதிப்பீட்டின் கடைசி நாள் மாலை சுந்தரவல்லி எல்லாவற்றையும் பார்த்தார், தலையாட்டினார். "மதிப்பீடு முடிஞ்சுது" என்று சொல்லி, ஒன்றும் எழுதாத படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அருண்பாண்டி கவனித்தது 'முடிஞ்சுது' என்ற சொல்லை மட்டும்தான்.

மறுநாள் காலை பீமாராவ் அழைப்பு மணியை அழுத்தினார். வலப்பக்கம் மரத்துவிட்டது.

"வாரேன்யா!" அருண்பாண்டியின் கண் செல்போனில்.

மணி மறுபடி அடித்தது.

"அதான் வாரேன்னு சொல்றேன்ல!"

மூன்றாம் தரம் அடிக்கவில்லை. அருண்பாண்டி எட்டிப் பார்த்தான். வெறுங்காலோடு வந்திருந்த சுந்தரவல்லி, பீமாராவைத் திருப்பி முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டிருந்தார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தாம்மா பெரட்டுனான்" என்று பரிந்து பேசினார் பீமாராவ்.

சுந்தரவல்லி படிவத்தை எடுத்தார். அருண்பாண்டியின் முகமலர்ச்சிக்குப் பத்து போட்டார். மற்ற இரண்டுக்கும் சுழி. மேற்பார்வையாளர் என்ற இடத்தில் பாண்டிமீனாவின் பெயரை எழுதினார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள் என்று மட்டும்... அட, எதற்கு இப்படித் திடீரென்று நிமிர்ந்து உட்காருகிறீர்கள்?